கிறிஸ்துமஸ் மரத்துக்கு எதைக் கடைவது: கெட்டித் தொங்கலா, கூட்டு உருண்டையா, உள்வெளிக் கடைசலா, அரக்கு வேலையா?

மரத்தைச் சுழற்றிக் கடையும் சின்ன லேத் எந்திரம் ஒன்றும் நாலைந்து நல்ல உளிகளும் கைக்கு வந்துவிட்டால், வரும் டிசம்பருக்கு மரத்தில் தொங்கவிட நாமே ஏதாவது கடையலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். கை அகலத் துண்டு மரம் போதும். ஒரு மாலைக்குள் ஒன்றை முடித்துவிடலாம். வருடா வருடம் பெட்டியிலிருந்து வெளியே வந்து, இதை யார் கடைந்தது என்று வீட்டில் பேச்சு எழுப்பும் பொருள் இது. ஆனால் எதைக் கடைவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இணையத்தில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் ஒரே வடிவம்தான்: உள்ளே குடைந்த மெல்லிய உருண்டை, அதன் கீழே ஊசிபோல நீளும் கூர்முனை. அதைப் பார்த்துவிட்டு முதல் வேலையாக அதிலேயே இறங்குகிறவர்கள் நிறைய மரத்தையும் கொஞ்சம் மனத்தையும் உடைத்துக்கொள்கிறார்கள்.

தேர்வு செய்ய உண்மையில் நாலு வழிகள் இருக்கின்றன. முழுக் கட்டையிலேயே கடையும் கெட்டித் தொங்கல், உள்ளே குடைந்து வெறும் கூடாக்கிய கூட்டு உருண்டை, நாலு மரச் சட்டங்களை ஒட்டிப் பிரித்துத் திருப்பி ஒட்டும் உள்வெளிக் கடைசல், சுழலும் மரத்தின் மேலேயே அரக்கை உருக்கி ஏற்றும் அரக்கு வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு நீளவாக்கில் கடைந்து அரக்கு ஏற்றிய கெட்டித் தொங்கல்தான் சரி. ஏன் என்பதற்குக் கிளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கிளை எவ்வளவு தாங்கும்?

மரக்கடைசலில் அழகைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொங்கல் விஷயத்தில் எடைதான் முதல் கேள்வி. ஐரோப்பாவில் வைக்கும் ஃபிர், ஸ்புரூஸ் மரங்களின் கிளை ஓரளவு விறைப்பாக நிற்கும். நம் ஊரில் இன்றும் பல வீடுகளிலும் தேவாலயங்களிலும் நிற்பது சவுக்குக் கிளை. அதன் நுனி நூல் நூலாகத் தொங்குவது. கனமாக எதை மாட்டினாலும் அப்படியே சரிந்து தரையைப் பார்க்கும். பிளாஸ்டிக் மரத்தின் கம்பிக் கிளையும் ஒரு அளவுக்கு மேல் வளைந்துவிடும். தொட்டியில் வளரும் அரக்கேரியா என்ற ஊசியிலைச் செடி மட்டும் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதில் கிளைகள் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 60 மி.மீ. விட்டமுள்ள கெட்டி உருண்டையின் கன அளவு சுமார் 113 கன செ.மீ. தேக்கின் அடர்த்தியைத் தோராயமாகக் கன செ.மீ.க்கு 0.65 கிராம் என்று வைத்தால் எடை 73 கிராம். சவுக்கு நுனிக்கு இது ரொம்ப அதிகம். அதே உருண்டையை 3 மி.மீ. சுவர் மட்டும் விட்டுக் குடைந்தால் 20 கிராம். குடைவதற்கு ஆசைப்படுவது இதனால்தான், அந்த ஆசையில் நியாயமும் உண்டு.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உருண்டையின் விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், பாதியானால் எட்டில் ஒன்றாகும். அதனால் விட்டத்தை 40 மி.மீ. ஆக்கினால் போதும், குடையாமலே 22 கிராமுக்கு வந்துவிடும். 30 மி.மீ. தடிப்பும் 90 மி.மீ. நீளமும் உள்ள நீர்த்துளி வடிவமும் கெட்டியாகவே 25 கிராம் அளவில் நிற்கும். மரத்தில் தொங்கும்போது அந்த நீளத் துளி, 60 மி.மீ. உருண்டைக்குக் குறையாமல் கண்ணில் படும். எடையைக் குறைக்கத்தான் குடைகிறோம் என்றால், வடிவத்தை மாற்றியே அதைச் சாதிக்கலாம்.

உருண்டை வடிவமே கண்ணாடிக்குப் பொருந்தி வந்தது. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் லௌஷா என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடி ஊதுகிறவர்கள் செய்யத் தொடங்கிய கண்ணாடி அலங்காரம் உலகெங்கும் பரவியது. ஊதினால் கண்ணாடி தானாகவே உள்ளே வெறுமையாகவும் வெளியே உருண்டையாகவும் வரும். மரத்தின் இயல்பு வேறு. அதன் நார் நீளவாக்கில் ஓடுகிறது, பலமும் அந்தப் பக்கம்தான். நீளமாகவும் ஒல்லியாகவும் கடைந்தால் மரம் ஒத்துழைக்கும். வெறும் கூடாக ஆக்கினால் எதிர்த்து நிற்கும்.

கெட்டித் தொங்கல்

40 மி.மீ. சதுரத்தில் ஒரு சாண் நீளக் கட்டை எடுத்து, ஒரு முனையைச் சக்கில் (லேத்தின் சுழலும் பிடியில்) பிடித்து, மறுமுனைக்கு எதிர்ப்பக்கம் நகரும் டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்து உருட்டிக்கொள்ளலாம். மூன்று உளிகள் போதும்: கட்டையை உருட்ட ரஃபிங் கௌஜ், வளைவு எடுக்க ஸ்பிண்டில் கௌஜ், துண்டிக்கப் பார்ட்டிங் டூல். சாய்ந்த முனையுள்ள ஸ்கியூ உளி பழகியிருந்தால் உப்புத்தாள் அதிகம் தேவைப்படாத அளவுக்கு மேற்பரப்பு மழமழவென்று வரும். மணி, துளி, பம்பரம், பைன்காய், சின்னத் தேவதை என்று எது வேண்டுமானாலும் இதே முறையில் வரும். பழகிய கைக்கு ஒன்று அரை மணி நேர வேலை.

தேவதை என்றதும் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதி நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் செக் எல்லையை ஒட்டிய பகுதி அது. அங்கே ஸைஃபன் என்ற ஊர் ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தது. சுரங்கம் நலிந்தபோது மக்கள் மரக் கடைசலுக்குத் திரும்பினார்கள். தாதுவை இடிக்கப் பயன்பட்ட நீர்ச்சக்கரத்தின் விசை லேத்தைச் சுழற்றப் போயிற்று. கிறிஸ்துமஸ் காலத்தில் அந்தப் பகுதி வீடுகளின் ஜன்னலில் மெழுகுவத்தி ஏந்திய சுரங்கத் தொழிலாளியும் தேவதையும் நிற்பார்கள். வீட்டில் ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் ஒரு தொழிலாளி, ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு தேவதை என்பது பழைய வழக்கம். உடல், தலை, கை, தொப்பி எல்லாமே பெரும்பாலும் லேத்தில் கடைந்த கெட்டித் துண்டுகள். கெட்டிக் கடைசல் என்றால் கற்றுக்குட்டி வேலை என்று நினைப்பவர்கள் அந்தத் தேவதைகளின் பாவாடை வளைவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே ஊரின் இன்னொரு முறை என்னை வியக்க வைப்பது. ஸ்புரூஸ் அடிமரத்திலிருந்து வட்டமாக ஒரு வில்லையை அறுத்து, ஈரத்தோடு லேத்தில் ஏற்றி, வளையமாகக் கடைவார்கள். வளையத்தின் வெட்டுமுகம் ஒரு பசு அல்லது ஆட்டின் பக்கவாட்டு உருவம். கடையும்போது அந்த உருவம் கண்ணுக்குத் தெரியாது. முதுகு எங்கே வளைகிறது, கால் இடைவெளி எங்கே என்பதெல்லாம் கைக்கும் கணக்குக்கும் மட்டுமே தெரியும். வளையத்தைக் கேக் வெட்டுவதுபோலப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு விலங்காக எழும். அப்புறம் கத்தியால் முனைகளை உருட்டி வண்ணம் தீட்டுவார்கள். 1800ஐ ஒட்டிய காலத்திலிருந்து வழங்கும் இந்தக் கலையை ஐந்தாவது வழியாகப் பட்டியலில் சேர்க்க மனம் இழுக்கிறது, சேர்க்கவில்லை. அதற்கேற்ற ஈர ஸ்புரூஸும், நீண்ட பிடியுள்ள கொக்கி உளிகளும், குருவிடம் இருந்து படிக்கும் வருடங்களும் வேண்டும். ஒரு டிசம்பருக்காக ஆரம்பிக்கிற வேலை அல்ல அது.

கெட்டித் தொங்கலின் குறை என்ன? வடிவத்தில் சின்னத் தவறு இருந்தாலும் பளிச்சென்று தெரியும். குடைந்த உருண்டையைப் பார்ப்பவர் அதன் மெல்லிய சுவரிலேயே மயங்கிவிடுவார், கெட்டித் துளியில் மயங்க வளைவைத் தவிர வேறு எதுவும் இல்லை. வளைவு எங்கேயும் தட்டையாக நிற்காமல், ஒரே ஓட்டமாக அகலத்திலிருந்து நுனிக்கு இறங்க வேண்டும். அகலமான இடம் நட்டநடுவில் வந்தால் வடிவம் மந்தமாக இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலோ, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கிலோ வைத்தால் உயிர் வந்துவிடும். லேத்தை நிறுத்தி, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்து ஓரக்கோட்டைப் பார்த்தால் தவறு உடனே கண்ணில் படும்.

கூட்டு உருண்டை

இதில் இரண்டு விதம். படங்களில் காண்பது, 10 அல்லது 12 மி.மீ. துளை வழியாக வளைந்த உளியை உள்ளே விட்டுக் குடைவது. உளி முனை என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. துகள் உள்ளேயே நிறைந்துவிடும். அடிக்கடி நிறுத்தி ஊதி வெளியேற்றாவிட்டால் துகள் உளியை இறுக்கிப் பிடித்துக் கூட்டையே பிளந்துவிடும். சுவர் எவ்வளவு மிச்சம் என்பதை வளைத்த கம்பியை உள்ளே விட்டு அளக்க வேண்டும், அல்லது சத்தத்தைக் கேட்டு ஊகிக்க வேண்டும். சுவர் மெலிய மெலிய வெட்டும் ஓசை மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தைக் காது பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் காது பழகும்வரை உடைவது உடைந்துகொண்டேதான் இருக்கும். இதற்கென்று தனி உளிகளும் வாங்க வேண்டும்.

இன்னொரு விதம் எளிது, ஏனோ அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஒரே கட்டையை நடுவில் துண்டித்து, இரண்டு பாதிகளையும் சின்னக் கிண்ணம்போல அகல வாய் வழியாகக் குடைந்துகொள்வது. உளி முனை கண்ணுக்கு நேராகத் தெரியும், துகள் தானாகக் கொட்டும், சுவரை விரலால் தடவியே அளக்கலாம். ஒரு பாதியின் விளிம்பில் 2 மி.மீ. படி எடுத்து, மறுபாதி அதில் இறங்கி உட்காரும்படி செய்து ஒட்ட வேண்டும். ஒட்டும்போது மரத்தின் ரேகை ஒன்றோடொன்று பொருந்துகிற நிலைக்குத் திருப்பி வைப்பது முக்கியம். பிறகு வெளிப்புறத்தை உருண்டையாக்கலாம்.

ஒட்டு தெரியுமே என்ற கவலைக்கு ஒரு பழைய வழி உண்டு. ஒட்டின் மேலேயே ஸ்கியூ முனையால் ஒரு மெல்லிய பள்ளம் கீறி, சுழலும்போது அதில் இரும்புக் கம்பியை அழுத்தினால் உராய்வில் மரம் கருகிக் கறுப்புக் கோடு விழும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு சேர்த்தால் அலங்காரமாகவே ஆகிவிடும். கம்பியின் இரு முனையையும் மரப்பிடியில் கட்டித்தான் பிடிக்க வேண்டும். விரலில் சுற்றிக்கொண்டால் லேத் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கீழே நீளும் கூர்முனைதான் உண்மையான சோதனை. நூறு மி.மீ. நீளத்தில் நுனியை 2 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவர வேண்டும். நுனியிலிருந்து சக் பக்கம் நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பகுதியைக் கடைந்து உப்புத்தாள் போட்டு முடித்த பிறகு மறுபடி அங்கே போகக் கூடாது, அதிர்வில் ஒடிந்துவிடும். இதற்குத் தேக்கு உதவாது. நுண்துளைகள் பெரிதான மரம் அது, மெல்லிய விளிம்பு நறுக்கென்று போகும். தேக்கிலுள்ள சிலிக்கா உளியின் முனையையும் சீக்கிரம் மழுக்கிவிடும். ரேகை நெருங்கிய கடின மரம்தான் வேண்டும். ஈட்டி அருமையாக நிற்கும். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்துக்கென்றே 1994இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள், அனுமதி இல்லாமல் வெட்ட அது தடை விதித்தது. பழைய சாமான் கழிவில் கிடைத்தால் பயன்படுத்தலாம். அதைவிடக் கைக்கெட்டியது கொய்யா. வீட்டுக் கொல்லையில் கவாத்து செய்த கொய்யாக் கிளையை நிழலில் நன்றாகக் காயவைத்தால், கூர்முனைக்குத் தேவையான இறுக்கமும் வழவழப்பும் அதில் கிடைக்கும்.

வானிலையும் இங்கே குறுக்கே வரும். அமெரிக்காவில் எழுதிய குறிப்புகளில் இது இருக்காது. நமக்குக் கிறிஸ்துமஸ் வருவது வடகிழக்குப் பருவமழையின் கடைசியில். அக்டோபர் முதல் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும், மரம் காய்வது மந்தமாகும். அரைகுறையாகக் காய்ந்த மரத்தில் கூட்டைக் கடைந்தால், சில நாளில் வட்டம் முட்டை வடிவமாகி ஒட்டு விலகும். கூட்டு உருண்டை செய்யப் போகிறவர் கோடையிலேயே கட்டையை அறுத்து, முனைகளில் மெழுகோ பெவிக்காலோ தடவிக் காயவைத்துவிட வேண்டும். நவம்பரில் யோசனை வந்தால் இந்த வருடம் கெட்டித் தொங்கல், அடுத்த வருடம் கூடு. கெட்டித் துண்டும் அசையும், ஆனால் ஒல்லியாக இருப்பதால் சீக்கிரம் காயும், கொஞ்சம் முட்டை வடிவமானாலும் யாருக்கும் தெரியாது.

இத்தனையையும் மீறி, பிசிறில்லாத மெல்லிய உருண்டையைக் கையில் வாங்கினால் அதன் இலேசு ஒரு கணம் திகைக்க வைக்கும். அந்த அனுபவத்தை மறுக்க மாட்டேன். ஒருவருக்கு மட்டும், பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் பரிசு என்றால் கூட்டு உருண்டைக்கு ஈடில்லை. வீட்டில் தவழும் குழந்தையோ, மரத்தடியில் விளையாடும் பூனையோ இருந்தால் மட்டும் வேண்டாம். கூர்முனை ஒடியும், ஒடிந்தது குத்தும்.

உள்வெளிக் கடைசல்

கேட்பவர்களுக்கு முதலில் புரியாத முறை இது. ஒரே அளவில் நாலு சதுரச் சட்டங்கள், உதாரணமாக 20 மி.மீ. சதுரம், 130 மி.மீ. நீளம். நாலையும் சேர்த்தால் 40 மி.மீ. கட்டை. முனைகளில் பென்சிலால் 1, 2, 3, 4 என்று எண் போட்டு, இடையில் செய்தித்தாள் வைத்து ஒட்ட வேண்டும். காய்ந்ததும் லேத்தில் ஏற்றி நடுப்பகுதியில் ஒரு குழிவு கடைய வேண்டும். பிறகு ஒட்டில் உளியை வைத்துத் தட்டினால் காகிதம் கிழிந்து நாலும் பிரியும். ஒவ்வொன்றையும் அரைச்சுற்றுத் திருப்பி, வெளியே இருந்த மூலை உள்ளே போகும்படி மறுபடி ஒட்ட வேண்டும், இப்போது காகிதம் இல்லாமல். கடைந்த குழிவு உள்ளே ஒளிந்துகொள்ளும். வெளிப்புறத்தைக் கடையக் கடைய ஒரு நேரத்தில் உளி அந்த உள்வெற்றிடத்தைத் தொடும். நாலு பக்கமும் ஜன்னல் திறக்கும்.

உள்ளே சின்ன மணியோ நட்சத்திரமோ வைத்துவிட்டால், எப்படி உள்ளே போயிற்று என்று பெரியவர்களே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எடையும் தானாகக் குறைகிறது.

ஆனால் இது லேத்தைவிட ரம்பத்தையும் இழைப்புளியையும் நம்பிய வேலை. சட்டங்களில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும், திருப்பி ஒட்டும்போது மூலைகள் நடுவில் சந்திக்காது, இடுக்குத் தெரியும். டேபிள் ரம்பம் இல்லாதவர் பக்கத்து இழைப்புப் பட்டறையில் கொடுத்து நாலு பக்கமும் கச்சிதமாக இழைத்து வாங்கிவிடுவது மேல். நீளமாக ஒரே சட்டமாக இழைத்து, பிறகு துண்டு போட்டால் நாலும் ஒரே அளவில் இருக்கும். இன்னொன்று, ஜன்னல் திறந்த பிறகு உளி மரத்தையும் வெற்றிடத்தையும் மாறி மாறித் தொடும். மழுங்கிய உளி அந்த இடத்தில் ஓரத்தைப் பிய்த்துவிடும். அப்போதுதான் தீட்டிய உளியால் மேலோட்டமாக எடுக்க வேண்டும். ஜன்னல் ஓரங்களுக்கு உப்புத்தாள் போடுவது லேத்தை நிறுத்திய பிறகுதான். சுழலும் ஜன்னலுக்குள் விரல் நுனி போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முதல் ஒட்டில் காகிதத்தை மட்டும் நம்பாமல், முனைகளில் கொஞ்சம் நீளம் கூடுதலாக விட்டு அங்கே திருகாணியோ இறுக்கமான டேப்போ போட்டுவிட்டால் சுழற்சியில் பிரிந்து பறக்காது.

சின்னப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேத் வேலை காட்டும் நிகழ்ச்சியா? இதைவிட நல்லது இல்லை. விற்பனைக்கு நூறு வேண்டுமா? இதை எடுக்காதீர்கள், ஒட்டுக் காய்வதற்கே இரண்டு இரவு போய்விடும்.

அரக்கு வேலை

அரக்கு தனி வடிவம் அல்ல, கெட்டித் தொங்கலுக்கு ஏற்றும் நிறமும் மெருகும். இருந்தாலும் தனி வழியாகச் சொல்லக் காரணம் உண்டு. அரக்கை நம்பிக் கடைந்தால் வடிவமே மாறும், வேலையின் வேகமும் மாறும். நம் நாட்டில் இதில் பேர்போன ஊர்கள் உண்டு. கர்நாடகத்தில் பெங்களூர்–மைசூர் சாலையில் உள்ள சன்னபட்டணா, ஆந்திராவில் வராக நதிக் கரையில் உள்ள ஏட்டிகொப்பாகா, தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் வைத்துச் சமைத்து விளையாடிய தலைமுறைக்கு இந்தப் பளபளப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் தொங்கல் இந்த ஊர்களின் மரபுப் பொருள் அல்ல. ஆனால் மணி, பம்பரம், உருண்டை என்று தொங்கலுக்கு வேண்டிய வடிவங்களும் ஒரு சொப்புக் குடமும் ஒரே கை அசைவில் பிறப்பவை.

செய்முறையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பிடிக்கும். முதலில் திட்டுத் திட்டாகத்தான் படியும். அப்புறம் ஒரு துண்டுத் தாழை ஓலையை மடித்து அதன் மேல் வைத்து அழுத்தி நகர்த்தினால், திட்டுகள் இளகிப் பரவி, சில நொடியில் மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக மின்னும். தூரிகை இல்லை, காயவைக்கும் நேரம் இல்லை, வாசனை இல்லை. சிவப்பை ஏற்றி, பக்கத்தில் மஞ்சளை ஏற்றி, எல்லையை உளி முனையால் ஒரு கோடு கீறிப் பிரித்தால், தூரிகையால் எவ்வளவு முயன்றாலும் வராத கூர்மையான வளையங்கள் கிடைக்கும்.

மழைக்காலத்திலும் இது கைகொடுக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்ச் பாலிஷை ஈரமான நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. அதே அரக்கைக் குச்சியாக உராய்த்து ஏற்றினால் ஸ்பிரிட்டே இல்லை, பூப்பதற்கும் வழியில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் வெளியே விடாமல் தூறும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த வாரத்தில் பாலிஷ் போட்டவர்களுக்குத் தெரியும்.

மரம் என்றால் வெட்பாலை. சன்னபட்டணாவும் ஏட்டிகொப்பாகாவும் நம்பியிருப்பது இதைத்தான். இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் ஊதா நிறத் தைலம் கிடைக்குமே, அதே மரம். வெளுப்பான நிறம், நெருங்கிய ரேகை, உளிக்கு இதமான மென்மை. வெளுப்பாக இருப்பதால் மேலே ஏற்றும் நிறம் மங்காது. அது கிடைக்காவிட்டால் மஞ்சக்கடம்பு பார்க்கலாம். பலா தன் மஞ்சளிலேயே அழகு, அதற்கு நிறமில்லா அரக்கு போதும்.

எங்கே இது ஒத்துவராது? மெல்லிய கூட்டின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், அழுத்தத்திலோ சூட்டிலோ கூடு பிளக்கும். கூர்முனையிலும் அப்படித்தான். உள்வெளிக் கடைசலில் ஜன்னல் ஓரத்தில் அரக்கு கட்டி கட்டியாகச் சேரும். ஆழமான பள்ளங்களிலும் குச்சி நுழையாது. ஆகவே அரக்குக்குக் கடையும்போது வளைவுகளை அகலமாகவும் ஆழம் குறைவாகவும் வைக்க வேண்டும். சொப்புச் சாமான்களின் வடிவம் அப்படி இருப்பதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சூட்டையும் யோசிக்க வேண்டும். எல்இடி விளக்குச் சரம் பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. பழைய இழை பல்பு சூடாகும், அதை ஒட்டி மாட்டக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டாலும் அரக்கு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

குழந்தை வாயில் வைக்கும் என்றால் நிறத்தைப் பற்றிக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் முதலான தாவர நிறங்களைக் கலந்த அரக்குக் குச்சி கிடைக்கிறது.

யாருக்கு எது?

வீட்டு மரத்துக்காக, இந்த வருடமே, சின்ன லேத்தில் என்றால் வெட்பாலையில் 30 மி.மீ.க்கு மேல் போகாத துளிகளும் மணிகளும் கடைந்து அரக்கு ஏற்றுங்கள். தேவாலய விற்பனைக்குப் பத்து இருபது வேண்டும் என்றாலும் இதுவேதான். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கடைய, அட்டையில் பாதி வடிவத்தை வெட்டி, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்குப் பின்னால் நிறுத்தி ஒப்பிட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் வித்தியாசம் வந்தால் வரட்டும், கையால் செய்தது என்பது அதில்தான் தெரியும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு இடையரும் ஆடும் ஞானிகளும் வேண்டும் என்பவரும் கெட்டிக் கடைசலையே எடுக்க வேண்டும். ஞானிகளுக்குக் கிரீடத்தையும் அங்கியையும் அரக்கு வளையங்களாலேயே பிரித்துக் காட்டிவிடலாம், முகம் வரையத் தேவையே இல்லை.

கிண்ணம் கடைந்து பழகியவர், கோடையில் மரம் காயவைத்தவர், ஒன்றே ஒன்றை ஒருவருக்குக் கொடுக்க விரும்புகிறவர், இவர்கள் இரண்டு பாதிக் கூட்டு உருண்டைக்குப் போகலாம். சின்னத் துளை வழியாகக் குடைவதை அதற்கும் அடுத்த படியாக வைத்துக்கொள்ளுங்கள். தச்சு வேலையில் கை தேர்ந்து, லேத்துக்கு இப்போதுதான் வருகிறவருக்கு உள்வெளிக் கடைசல் மற்றதைவிட எளிதாகவே இருக்கும், ஏனென்றால் அதன் கஷ்டமெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பக்கத்தில் இருக்கிறது.

எதை எடுத்தாலும் கொக்கி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தொங்கலின் தலைப்பக்கம் பெரும்பாலும் நார் முனை, அதாவது நார் குறுக்காக அறுபட்ட பக்கம். திருகுக் கொக்கி அதில் இறுக்கமாகப் பிடிக்காது. முதலில் மெல்லிய துளை போட்டு, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, பித்தளைக் கொக்கியைத் திருகி இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். துளை போடாமல் திருகினால் ஒல்லியான கழுத்து பிளந்து, முடித்த வேலை கையிலேயே இரண்டாகும். துளையை லேத்தில் இருக்கும்போதே டெயில்ஸ்டாக்கில் டிரில் சக் மாட்டிப் போட்டுவிட்டால் நட்டநடுவில் விழும், தொங்கலும் சாயாமல் நேராக நிற்கும்.